சிக்கனமாக ஒரு பெரிய ராக்கெட்

தீபாவளி ராக்கெட்டை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். திரியில் தீ வைத்ததும் சீறிக்கொண்டு மேலே செல்லும். சில விநாடிகளில் வெடித்து மறைந்துவிடும். ஆனால் ஆளுயரத்திற்கு ஒரு ராக்கெட்டைத் தம் கையாலேயே செய்து, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல் ஐந்து மடங்கு உயரத்திற்கு அனுப்பி, அதைச் சேதமின்றித் தரையிறக்கி, மறு வாரம் மீண்டும் ஏவுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அமெரிக்காவில் இதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளனர்.

இதற்குப் பெரும் பணம் வேண்டும் என்று எண்ண வேண்டாம். ராக்கெட்டின் உடல் வெறும் அட்டைக் குழாய்தான். எதில் சிக்கனம் செய்யலாம், எதில் செய்யவே கூடாது என்று அறிந்திருப்பதில்தான் இக்கலையின் நுட்பம் அடங்கியிருக்கிறது. அதைச் சற்று விரிவாகக் காண்போம்.

செருப்புக்கடைக்காரர் கண்ட வழி

1957ஆம் ஆண்டு அக்டோபரில் சோவியத் நாடு முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை ஏவியது. உடனே அமெரிக்கச் சிறுவர்களிடையே ராக்கெட் மோகம் பரவியது. இரும்புக் குழாய்களில் இரசாயனங்களை அடைத்துத் தாமே ராக்கெட் செய்ய முயன்ற பலர் காயமடைந்தனர், சிலர் உயிரிழந்தனர். குழாய் வெடித்தால் அதன் துண்டுகள் குண்டுச் சிதறல்களாகப் பாயும் அல்லவா?

இதற்கு மாற்று வழி முன்பே உருவாகியிருந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்போக் என்னும் ஊரில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவர், தம் சகோதரர் ராபர்ட்டுடன் சேர்ந்து 1954ஆம் ஆண்டில் காகிதத்தாலும் மரத்தாலும் ஆன சிறு ராக்கெட்டைச் செய்தார். ஒயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் பணியாற்றிய ஹாரி ஸ்டைன் என்பவரிடம் 1957இல் அந்த மாதிரிகள் சென்று சேர்ந்தன. அவர் அதை ஓர் ஒழுங்கான பொழுதுபோக்காக வளர்த்தார். இன்றைய தேசிய ராக்கெட்டியல் சங்கம் அந்த ஆண்டில் தோன்றியதே.

அன்று வகுத்த விதி எளியது: உடலை நீ செய், மோட்டாரைச் செய்யாதே. எரிபொருள் அடைத்த மோட்டார் தொழிற்சாலையில் செய்து சோதிக்கப்பட்டதாகவே இருக்க வேண்டும். சிக்கனத்திற்கு இடமில்லாத முதல் பொருள் இதுதான்.

எழுத்தும் எண்ணும்

மோட்டாரின் மேல் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எழுத்து, மோட்டாரின் மொத்தக் கணத்தாக்கைக் குறிக்கிறது. உந்துவிசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது கணத்தாக்கு. 'ஏ' வகையின் உச்ச அளவு 2.5 நியூட்டன்-விநாடி. அடுத்த ஒவ்வொரு எழுத்துக்கும் இது இரட்டிக்கும்: 'பி' 5, 'சி' 10 என்று ஏறி, 'ஜி' 160 ஆகிறது. அதற்கு மேல் 'எச்' தொடங்கிப் பெருந்திறன் ராக்கெட்டுகள். 'எச்' 320 வரையிலும் 'ஐ' 640 வரையிலும் செல்லும்.

எழுத்தை அடுத்த எண் சராசரி உந்துவிசையை நியூட்டனில் காட்டும். 'எச் 128' என்றால் சராசரி விசை 128 நியூட்டன். அதன் கணத்தாக்கு சுமார் 170 நியூட்டன்-விநாடி என்று கொண்டால், அது எரியும் நேரம் 170 ÷ 128, அதாவது ஏறத்தாழ 1.3 விநாடி. கண்ணை இரண்டு முறை சிமிட்டுவதற்குள் மோட்டாரின் வேலை முடிந்துவிடும்!

நம் கணக்குக்கு 10 சென்டிமீட்டர் விட்டமும், ஒன்றரை மீட்டர் நீளமும், மோட்டாருடன் சேர்த்து ஒன்றரைக் கிலோகிராம் நிறையும் உள்ள ஒரு ராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். அதன் எடை 14.7 நியூட்டன். உந்துவிசை எடையைப் போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது பொது விதி. நமக்கு எட்டு மடங்குக்கும் மேல் கிடைக்கிறது. ஆகவே துணிந்து மேலே செல்லலாம்.

பணம் மிச்சமாகும் இடம்

உடலுக்குத் தடித்த அட்டைக் குழாய் போதும். வரைபடங்களைச் சுருட்டி அனுப்பும் குழாயையே பலர் பயன்படுத்துகின்றனர். வால்சிறகுகளுக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள நல்ல பிளைவுட் ஏற்றது. அட்டையையும் மரத்தையும் ஒட்டச் சாதாரண மரப்பசையே போதுமானது. ஒட்டியதைப் பிரிக்க முயன்றால் பசைக்கு முன் அட்டைதான் கிழியும். மோட்டார் அமரும் இடத்தில் மட்டும் வெப்பத்தைத் தாங்கும் ஈபாக்சிப் பசை வேண்டும்.

சிறகை வெளிப்பரப்பில் மட்டும் ஒட்டினால் தரையில் மோதும்போது பெயர்ந்துவிடும். எனவே குழாயில் நீளவாக்கில் பிளவு வெட்டி, சிறகின் அடியை உள்ளே செலுத்தி, மோட்டாரைத் தாங்கும் உட்குழாயுடனும் சேர்த்து ஒட்டுகிறார்கள். இதற்குக் காசு செலவில்லை, பொறுமைதான் செலவு.

ஈர்க்குச்சியின் இரகசியம்

தீபாவளி ராக்கெட்டின் குச்சியை ஒடித்துவிட்டுக் கொளுத்தினால் என்ன ஆகும்? அது தாறுமாறாகச் சுழலும். ஏன்?

பறக்கும் பொருள் தன் ஈர்ப்பு மையத்தைப் பற்றியே சுழலும். காற்றின் விசை முழுவதும் செயல்படுவதாகக் கொள்ளும் புள்ளி அழுத்த மையம். அழுத்த மையம் ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் இருந்தால், ராக்கெட் சற்றே சாயும்போது காற்று அதன் வாலைத் தள்ளி மீண்டும் நேராக்கும். முன்னால் இருந்தால் சாய்வை மேலும் வளர்க்கும். வாணத்தில் குச்சி செய்யும் வேலையைப் பெரிய ராக்கெட்டில் வால்சிறகுகள் செய்கின்றன. அம்பின் இறகும் இதே தத்துவம்தான்.

இரு மையங்களுக்கும் இடையே குழாயின் விட்டம் அளவாவது இடைவெளி வேண்டும். நம் ராக்கெட்டுக்கு அது 10 சென்டிமீட்டர். ஈர்ப்பு மையத்தை அறிவது எளிது: மோட்டாரையும் வைத்து ராக்கெட்டை ஒரு விரலின் மேல் கிடத்திச் சமநிலைப் புள்ளியைக் குறித்துக்கொள்ளலாம். அழுத்த மையத்தைக் காணும் எளிய சமன்பாடுகளை ஜேம்ஸ் பேரோமன் என்னும் பொறியியலாளர் 1966ஆம் ஆண்டில் பொழுதுபோக்காளர்களுக்காக வெளியிட்டார். இன்று இந்தக் கணக்கைக் கணிப்பொறியில் செய்து தர 'ஓப்பன் ராக்கெட்' என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. இடைவெளி போதாதென்றால் முகப்புக் கூம்பில் சிறிது எடை சேர்த்தால் போதும்.

வழிகாட்டும் தண்டவாளம்

ஆனால் சிறகுகள் வேலை செய்யக் காற்று வேகமாக ஓட வேண்டும். நின்ற நிலையில் சிறகால் பயனில்லை. எனவே தொடக்கத்தில் ராக்கெட்டை நேராகப் பிடித்திருக்க அலுமினியத் தண்டவாளம் தேவை. நம் ராக்கெட்டின் முடுக்கம் விநாடிக்கு விநாடி சுமார் 75 மீட்டர். 1.8 மீட்டர் தண்டவாளத்தை விட்டு அகலும்போது அதன் வேகம் விநாடிக்கு 16 மீட்டரைத் தாண்டிவிடும். இது போதுமான வேகம். தண்டவாளம் பெரும்பாலும் சங்கத்தின் பொதுச் சொத்து. தனியே வாங்க வேண்டியதில்லை.

காற்றே இல்லையென்றால் நம் ராக்கெட் 575 மீட்டர் வரை ஏறும். காற்றுத் தடையால் இது சுமார் 350 மீட்டராகக் குறைகிறது. மோட்டார் அணைந்த பிறகும் சுமார் 7 விநாடிகள் ராக்கெட் தன் வேகத்தாலேயே ஏறிக்கொண்டிருக்கும்.

இறங்குவதே தேர்வு

உச்சிக்குச் சென்ற ராக்கெட் வான்குடை விரியாமல் விழுந்தால், தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். ஒன்றரைக் கிலோ எடையுள்ள கூர்முனை அந்த வேகத்தில் ஓர் ஆளின் மேல் விழுந்தால் பிழைப்பது அரிது. சிக்கனத்துக்கு இடமில்லாத இரண்டாவது பொருள் வான்குடையும் அதன் கயிறும் ஆகும்.

மோட்டாரிலேயே தாமத மருந்து ஒன்று உண்டு. அது குறித்த விநாடிகள் மெதுவாக எரிந்து, இறுதியில் சிறு வெடிமருந்தைப் பற்றவைக்கும். அந்த வாயு முகப்புக் கூம்பைத் தள்ளி, வான்குடையை வெளியேற்றும். நமக்கு ஏற்ற தாமதம் 7 விநாடி. முன்னதாகவோ மிகப் பிந்தியோ வெடித்தால், ராக்கெட் வேகமாகச் செல்லும்போது குடை விரியும். இழுபடும் கயிறு அட்டைக் குழாயை ரம்பம்போல் கிழித்துவிடும். சூடான வாயு நைலான் குடையை உருக்காதிருக்கத் தீப்பற்றாத துணியைச் சுற்றி வைக்க வேண்டும்.

குடை எவ்வளவு பெரியது? விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் இறங்கச் சுமார் 1 மீட்டர் விட்டம் வேண்டும். இது ஆளுயரத்திலிருந்து விழுவதற்குச் சமம், அட்டை தாங்கும். வேகத்தைப் பாதியாக்க வேண்டுமானால் பரப்பை நான்கு மடங்காக்க வேண்டும். ஆனால் பெரிய குடையே நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 350 மீட்டரிலிருந்து இறங்க 58 விநாடி ஆகும். விநாடிக்கு 5 மீட்டர் காற்றடித்தால் ராக்கெட் 290 மீட்டர் தள்ளிப் போய்விடும். இரு மடங்கு நேரம் மிதந்தால் இரு மடங்கு தொலைவு நடந்து தேட வேண்டியதுதான்!

விதிகளும் ஒரு பகுதியே

பெருந்திறன் மோட்டார் வாங்குவோர் முதற்படித் தேர்வில் தேற வேண்டும். 'எச்' அல்லது 'ஐ' மோட்டார் பொருத்திய ராக்கெட்டைத் தாமே செய்து, சங்கத்தார் பார்வையில் ஏவி, மீண்டும் பறக்கக்கூடிய நிலையில் மீட்டுக் காட்டுவதே தேர்வு. எவ்வளவு உயரம் போனது என்று யாரும் கேட்பதில்லை. பார்வையாளர் 'எச்' மோட்டாருக்குக் குறைந்தது 30 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் ஏவக் கூடாது. பற்றவைப்பது மின்சாரத்தால் மட்டுமே.

நம் நாட்டில் வெடிபொருள் செய்வதற்கும் வைத்திருப்பதற்கும் உரிமம் வேண்டும். ஆகவே வாசகர்கள் எக்காரணம் கொண்டும் எரிபொருள் கலக்க முற்படக் கூடாது. ஆனால் இக்கலையின் பெரும்பகுதியைத் தீயே இல்லாமல் கற்கலாம். காகிதச் சுருளில் சிறு மாதிரி செய்து, ஈர்ப்பு மையத்தில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பாருங்கள். முனை முன்னோக்கிச் சென்றால் அது நிலையானது. பிறகு சிறகைச் சிறிது சிறிதாக வெட்டிக் குறையுங்கள். எந்த அளவில் அது தடுமாறத் தொடங்குகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய துணியில் குடை தைத்து, ஒரு கல்லைக் கட்டி, கீழே ஆளில்லாத இடமாகப் பார்த்து மாடியிலிருந்து போட்டு, இறங்கும் நேரத்தை அளந்து பாருங்கள். விட்டத்தை இரட்டித்தால் நேரமும் ஏறத்தாழ இரட்டிக்கிறதா? இதற்குச் செலவாகும் நூலும் துணியும் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன.