மாற்றுப் பலகையின் முதல் மாதங்கள்

ரங்கூன் என்று தமிழர் நெடுங்காலம் அழைத்துவந்த யாங்கோனில், 2014ஆம் ஆண்டு ஊரிடூ, டெலிநார் ஆகிய வெளிநாட்டு நிறுவனங்கள் செல்பேசிச் சேவையைத் தொடங்கியதையடுத்துக் கோபுரங்களும் கருவிகளும் விரைந்து பெருகின. இத்தகைய வலையமைப்பின் நம்பகத்தன்மை, அதாவது குறித்த காலம்வரை பழுதின்றி இயங்கும் வாய்ப்பு, கிடங்கில் காத்திருக்கும் உதிரிப் பாகங்களையும் பொறுத்தது.

மின்னணுப் பாகங்களின் பழுது வீதம் தொடக்கத்தில் மிகுந்தும், பின்னர் குறைந்து நெடுங்காலம் நிலைத்தும், இறுதியில் தேய்மானத்தால் மீண்டும் உயர்ந்தும் செல்வதால், அதன் வரைபடத்தைப் பொறியாளர் 'குளியல்தொட்டி வளைவு' என்பர். சரியாகப் பற்றாத ஈயப்பற்று, குறையுள்ள சில்லு முதலிய உற்பத்திக் குறைகள் இயக்கத்தின் முதல் மாதங்களிலேயே வெளிப்படுவது முற்பழுது எனப்படும். நெடுநாள் இயங்கிய மின்சுற்றுப் பலகை அக்கட்டத்தைக் கடந்திருக்க, அதற்கு மாற்றாகப் பொருத்தப்படும் புதிய பலகையோ அப்போதுதான் அதில் நுழைகிறது. ஆகவே பழுது நீக்கிய இடத்திலேயே மறுபழுது தோன்றும் வாய்ப்பு கூடுகிறது.

பருவமழையின் ஈரப்பதம் இணைப்புமுனைகளை அரிக்கும் யாங்கோனில், மின்வெட்டுகளும் கருவிகளை மீண்டும் மீண்டும் நிறுத்தி இயக்கி நலிவுறச் செய்கின்றன. கிடங்கில் மின்னேற்றமின்றிக் கிடக்கும் ஈய-அமில மின்கலமோ தானாகவே திறன் இழக்கிறது. உயர் வெப்பத்தில் பல மணி நேரம் இயக்கிக் குறையுள்ளவற்றைக் களையும் முன்னியக்கச் சோதனையும், ஈரம் புகா உறைகளும், முற்பழுதையும் கணக்கிட்ட கையிருப்பும் இருந்தால்தான் உதிரிப் பாகம் உண்மையான காப்பாகும்.