உள்ளே வைக்கும் கரண்ட்: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்?



சென்ற கூட்டமைப்புக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் பாக்கி எல்லாம் பேசி முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு குழுவின் ஊக்குநர் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, எங்க மாமனாருக்கு புராஸ்டேட்டுல கேன்சர்னு சொல்லி, உள்ளே கரண்ட் வெச்சு அனுப்பினாங்க. நாலு மாசமாச்சு. அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். படுக்கை திண்ணையிலதான். பேரப்பிள்ளையைக் கிட்டவே விடுறதில்ல. அது தாத்தா தாத்தான்னு அழுவுது. இன்னும் எத்தனை மாசம் இப்படி வெச்சிருக்கணும்?"

எங்களுக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. "டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துட்டு வாங்க" என்றோம். அதைக் கதிர் சிகிச்சை மருத்துவரிடம் காட்டினோம். பார்த்தவுடனே அவர் சொன்னார்: "இது இரிடியம் முறை. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போதே இவர் உடம்பில் கதிர் எதுவும் இல்லையே! யார் தனியாக வைக்கச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் பேசியதை நம்பி வீட்டில் செய்ததுதான். அந்தப் பெரியவர் நாலு மாதம் திண்ணையில் கிடந்தது வீண். அதனால்தான் இந்தக் கட்டுரை. "ஆம்பளைங்க நோயைப் பத்தி நம்ம இதழ்ல எதுக்கு?" என்று கேட்காதீர்கள். அப்பாவோ, கணவரோ, மாமனாரோ படுத்தால் பார்த்துக்கொள்வது நாம்தானே?

புராஸ்டேட் எங்கே இருக்கிறது?

ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி இது. மூத்திரப்பைக்குக் கீழே, பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும். சிறுநீர்க் குழாய் இதன் நடுவே போகிறது. வயதானால் பலருக்கும் இது வீங்கும். ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்திருப்பது, முக்கி முக்கிப் போவது, சொட்டுச் சொட்டாகப் போவது எல்லாம் பெரும்பாலும் சாதாரண வீக்கத்தால்தான். ஆனால் சிலருக்குப் புற்றுநோயாகவும் இருக்கலாம். ஆரம்பத்தில் எந்தத் தொந்தரவும் தெரியாமலும் இருக்கலாம். பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை, மருத்துவர் ஆசனவாய் வழியாக விரலால் பார்ப்பது, தேவைப்பட்டால் ஸ்கேன், சதை எடுத்துப் பார்ப்பது ஆகியவற்றால்தான் கண்டுபிடிக்க முடியும். பி.எஸ்.ஏ. அதிகம் என்றாலே புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை.

ஏன் உள்ளிருந்து?

நம் பக்கத்தில் "கரண்ட் வைக்கிறது" என்று சொல்கிறோம். இது வீட்டுக்கு வருகிற மின்சாரம் இல்லை, ஷாக் அடிக்காது. கண்ணுக்குத் தெரியாத கதிர். எக்ஸ்ரேயின் உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இது புற்றுநோய் அணுக்களை வளர விடாமல் அழிக்கிறது.

வெளியிலிருந்து வைக்கும்போது பெரிய மிஷினுக்கு அடியில் படுக்க வைத்து, பல நாட்கள் தொடர்ந்து கதிர் கொடுப்பார்கள். கதிர் தோலையும் சதையையும் தாண்டித்தான் சுரப்பிக்குப் போக வேண்டும். உள்ளே வைப்பது வேறு. அடுப்பை நினைத்துப் பாருங்கள். கிட்டே நின்றால் சுடுகிறது, தள்ளி நின்றால் சூடு குறைகிறது. கதிரும் அப்படியே. தூரம் இரண்டு மடங்கானால் அதன் வேகம் கால் பங்காகிவிடும். ஆகவே நோய் உள்ள இடத்துக்குள்ளேயே கதிரை வைத்தால் அந்த இடத்துக்கு முழுச் சூடு. பக்கத்தில் உள்ள மூத்திரப்பைக்கும் மலக்குடலுக்கும் குறைந்த சூடு. இதற்குப் பெயர் பிராக்கிதெரபி. "கிட்டே இருந்து செய்யும் சிகிச்சை" என்று பொருள்.

இந்த யோசனை புதிதல்ல. கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டுபிடித்தது 1898-ல். டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல், 1903-லேயே ரேடியத்தைச் சிறு கண்ணாடிக் குழாயில் அடைத்துக் கட்டிக்குள் வைத்துப் பார்க்கலாமே என்று ஒரு மருத்துவருக்குக் கடிதம் எழுதினார். 1970-களில் நியூயார்க்கில் விட்மோர் என்ற மருத்துவர் வயிற்றைத் திறந்து, புராஸ்டேட்டில் கதிர் விதைகளை வைத்தார். ஆனால் கை நிதானத்தில் வைத்ததால் ஓரிடத்தில் நெருக்கம், ஓரிடத்தில் காலி. எதிர்பார்த்த பலன் இல்லை. 1980-களில் டென்மார்க்கில் ஹோல்ம் என்ற மருத்துவர் ஆசனவாய் வழியாக ஸ்கேன் கருவியை வைத்து, திரையில் பார்த்தபடியே ஊசி வழியாக விதைகளை வைத்துக் காட்டினார். வயிற்றைத் திறக்கத் தேவையில்லாமல் போனது. இன்றைக்கும் அதே வழிதான்.

இரண்டு முறைகள் உண்டு

எந்த முறையானாலும் முதல் வேலை ஒன்றே. முதுகில் ஊசி போட்டோ, முழு மயக்கம் கொடுத்தோ படுக்க வைப்பார்கள். விரல் பருமனுள்ள ஸ்கேன் கருவியை ஆசனவாய்க்குள் வைப்பார்கள். இடியாப்ப அச்சு போல வரிசை வரிசையாக ஓட்டைகள் உள்ள ஒரு தட்டை, ஆசனவாய்க்கும் விதைப்பைக்கும் நடுவில் உள்ள இடத்துக்கு எதிரே பொருத்துவார்கள். எந்த ஓட்டை வழியாக, எவ்வளவு ஆழத்துக்கு ஊசி போக வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள்.

முதல் முறை: உள்ளேயே தங்கும் விதை. டைட்டானியம் என்ற உலோகத்தால் ஆன சின்னஞ்சிறு உறை. நீளம் 4.5 மில்லிமீட்டர், பருமன் 1 மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு அரிசியை விடச் சிறியது. அதற்குள் பெரும்பாலும் அயோடின்-125 இருக்கும். நம் நாட்டில் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையமும் இதைத் தயாரித்திருக்கிறது. சுரப்பியின் அளவைப் பொறுத்து ஐம்பது முதல் நூறு விதைகள் வரை வைப்பார்கள். அவற்றைத் திரும்ப எடுப்பதில்லை. "விதை" என்ற பெயரைக் கேட்டு விதைப்பையில் வைப்பார்கள் என்று பயந்தவர்கள் உண்டு. அப்படி இல்லை, வைப்பது புராஸ்டேட் சுரப்பிக்குள் மட்டுமே.

விதையின் கதிர், கடன் பாக்கி குறைவதுபோல் குறைந்துகொண்டே வரும். அயோடின்-125 சுமார் 60 நாளில் பாதியாகும், 120 நாளில் கால், 180 நாளில் அரைக்கால். ஒரு வருடம் ஆனால் நூற்றில் இரண்டு பங்குகூட இருக்காது. வெறும் உலோக உறை மட்டும் உள்ளே இருக்கும், அதனால் தொந்தரவில்லை.

இரண்டாம் முறை: வந்து போகும் கதிர். இதில் பத்துப் பதினைந்து உள்ளீடற்ற ஊசிகளைச் சுரப்பிக்குள் செருகுவார்கள். பிறகு அவற்றை ஒரு மிஷினோடு குழாய்களால் இணைப்பார்கள். மிஷினுக்குள் கனத்த கவசத்தில் ஒரு மெல்லிய கம்பி. அதன் நுனியில் இரிடியம்-192. எல்லோரும் அறையை விட்டு வெளியே வந்து, கேமராவில் நோயாளியைப் பார்த்துக்கொண்டு மிஷினை இயக்குவார்கள். கம்பி ஒவ்வொரு ஊசிக்குள்ளும் போய், கணக்குப்படி அங்கங்கே சில விநாடி நின்று திரும்பிவிடும். கதிர் கொடுப்பது சில நிமிட வேலைதான். கம்பி கவசத்துக்குள் போன பிறகு உடம்பில் கதிர் கிடையாது. ஊசிகளையும் எடுத்துவிடுவார்கள். ஒரு தடவையோ சில தடவையோ இப்படிச் செய்வார்கள். பலருக்கு வெளிக் கரண்டும் சேர்த்துத் தருவார்கள்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு நம் சகோதரிகளுக்கு உள் கரண்ட் வைக்கும் மிஷினும் இதே வகைதான். முன்பெல்லாம் கதிர்க் குழாய்களை ஒன்றிரண்டு நாள் உள்ளேயே வைத்து, தனி அறையில் படுக்க வைப்பது வழக்கம். அந்தப் பேச்சுதான் இன்னும் ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறது போலும்.

வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

வெளிக் கரண்ட் அல்லது இரிடியம் முறை என்றால், கதிருக்காக எந்த ஒதுக்கலும் வேண்டாம். பேரப்பிள்ளையை மடியில் வைக்கலாம், கர்ப்பிணி மகள் பக்கத்தில் உட்காரலாம்.

விதை முறை என்றால்:

* பெரும்பகுதிக் கதிர் உடம்பிலேயே அடங்கிவிடும். ஒரே தட்டில் சாப்பிடலாம், துணியைச் சேர்த்துத் துவைக்கலாம், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தலாம்.
* முதல் இரண்டு மாதம் சின்னக் குழந்தையை நெடுநேரம் மடியில் வைக்க வேண்டாம். கர்ப்பிணிகள் கொஞ்சம் தள்ளி உட்காரட்டும். எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்வார்.
* அபூர்வமாக ஒரு விதை சிறுநீரில் வந்துவிடலாம். கையால் தொடக் கூடாது. கரண்டியாலோ இடுக்கியாலோ எடுத்து மூடியுள்ள டப்பாவில் போட்டு, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.
* தாம்பத்திய உறவில் முதலில் சில நாள் ஆணுறை அவசியம்.
* சொல்லக் கூசினாலும் சொல்ல வேண்டியது ஒன்று. விதை வைத்த ஓரிரு வருடத்துக்குள் எந்தக் காரணத்தாலாவது அவர் இறந்துபோனால், எரிப்பதற்கு முன் ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

இரண்டு முறையிலும் சிறுநீர் எரிச்சலும் அடிக்கடி போவதும் சில வாரம் இருக்கும், விதை முறையில் சில மாதம்கூட இருக்கலாம். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாளாக ஆக ஆண்மைக் குறைவு வரவும் வாய்ப்பு உண்டு. இதை வெட்கப்படாமல் கணவன், மனைவி இருவருமாக முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்.

எல்லோருக்கும் ஆகுமா?

ஆகாது. நோய் சுரப்பியிலும் அதை ஒட்டியும் இருக்கும்போதுதான் இந்த முறை குணப்படுத்தும். எலும்புக்குப் பரவிவிட்டால் வேறு சிகிச்சைதான். சுரப்பி மிகப் பெரிதாக இருந்தாலோ, சிறுநீர் போவதே பெரும்பாடாக இருந்தாலோ வேறு வழியைச் சொல்வார்கள். மெதுவாக வளரும் வகையாக இருந்தால் அடிக்கடி பரிசோதித்து வந்தாலே போதும் என்றும் சொல்வதுண்டு. ஆகவே ஐம்பது வயது தாண்டிய ஆண்கள் ராத்திரி அடிக்கடி எழுந்தால் "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். அவர்கள் தாமாக வாய் திறக்க மாட்டார்கள். கூட்டிப் போவது நம் பொறுப்பு.

குழுவில் கடன் எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

1. நோய் சுரப்பிக்குள் மட்டும்தானா, பரவியிருக்கிறதா?
2. உடனே சிகிச்சை தேவையா, பொறுத்துப் பார்க்கலாமா?
3. அறுவை சிகிச்சை, வெளிக் கரண்ட், உள் கரண்ட் - இவருக்கு எது பொருத்தம், ஏன்?
4. உள் கரண்ட் என்றால் விதையா, வந்து போகும் கதிரா?
5. அரசு ஆஸ்பத்திரியில் உண்டா? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருமா?

நாலாவது கேள்விக்கு வரும் பதிலை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்பது முழுக்க அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

அந்த ஊக்குநர் மருத்துவர் சொன்னதைக் கேட்டு, அன்று சாயங்காலமே மாமனாரின் பாயை வீட்டுக்குள் எடுத்துப் போட்டாராம். மறுநாள் போன் செய்தார். "அக்கா, நேத்து ராத்திரி பிள்ளை தாத்தா பக்கத்துலயே தூங்கிட்டான். அவர்தான் தூங்கல, அவனையே பார்த்துட்டுக் கெடந்தாரு" என்றார்.

படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். உங்கள் தெருவிலும் ஒரு திண்ணையில் யாராவது இப்படிப் படுத்திருக்கக் கூடும்.