கடலில் உயிர் காக்கும் கத்தி எது? முனை மழுங்கியதே நல்லது!

கத்தி என்றாலே போலீஸ், கோர்ட்டு, ஜெயில்தான் நினைவுக்கு வரும். ஆனால் கடலில் உயிரைக் காக்கும் கத்தியும் உண்டு. துடுப்புப் படகில் போகிறவர்கள் அதைப் பார்த்து வாங்க வேண்டும்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளை நிறத்தில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. கே.ஏ.ஜே.ஷ்மிட் என்ற டென்மார்க் நாட்டவருக்காக எழுப்பியது அது. 1930-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி மற்றவர்களைக் காப்பாற்ற உதவியபோது அவர் அந்த இடத்துக்குப் பக்கத்தில் மூழ்கி இறந்தார்.

காப்பாற்றப் போகிறவரையும் விழுங்குகிற கடல் இது.

கயிறுதான் எமன்

இப்போது கோவளம், முட்டுக்காடு பக்கம் 'கயாக்' படகு ஓட்டப் பலர் போகிறார்கள். இரண்டு பக்கமும் தட்டை உள்ள துடுப்பால் ஓட்டுவது கயாக். ஒற்றைத் தட்டைத் துடுப்பால் ஓட்டுவது கேனோ. இரண்டும் அலையில் சட்டென்று கவிழும்.

லைப் ஜாக்கெட் போட்டிருந்தால் கவிழ்ந்தாலும் மிதக்கலாம். காலில் கயிறு சுற்றிக்கொண்டால்தான் விபரீதம். படகைக் கட்டி இழுக்கும் கயிறோ, கடலில் அறுந்து மிதக்கும் வலையோ, எது சிக்கினாலும் அலை இழுக்க இழுக்க முடிச்சு இறுகும். நைலான் கயிறு கையால் இழுத்தால் அறுகிற சமாசாரமா?

ஊரூர் குப்பம், ஓடைக்குப்பம் மீனவர்களுக்கு இது புதிதல்ல. மோட்டார் விசிறியில் வலை சுற்றினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் வலைக்குப் போகிற படகில் கத்தியும் போகும்.

கூர்முனை ஆபத்து

பளபளவென்று கூராக இருக்கிறதே என்று வாங்கிவிடக் கூடாது. அலை ஆட்டத்தில் கூர்முனை காப்பாற்றப்படுகிறவர் தொடையிலேயே குத்திவிடும். காற்றடைத்த படகாக இருந்தால் அதையும் கிழித்துவிடும். முனை மழுங்கி இருந்தால் கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவே செருகி வெளிப்பக்கமாக அறுக்கலாம்.

அலகு 3 அங்குலம் இருந்தால் போதும். அதில் ஒரு பகுதி ரம்பப் பல்லாக இருக்க வேண்டும். நனைந்த கயிறு வழுக்கும். பல் இருந்தால்தான் பிடித்து அறுக்கும்.

மடக்குக் கத்தி சட்டைப் பையில் அடங்கும். ஆனால் விறைத்துப்போன ஈரக் கையால் அதைத் திறப்பது கஷ்டம். மடக்காத கத்தியை உறையோடு லைப் ஜாக்கெட்டின் மார்புப் பக்கம் மாட்டுவது நல்லது. வலது கை, இடது கை எதற்கும் எட்ட வேண்டும். தலைகீழாகத் தொங்கினாலும் விழாத உறையாக இருக்க வேண்டும்.

கத்தி பழகாதவர்களுக்குக் கொக்கி வடிவ கயிறு வெட்டி இருக்கிறது. வெட்டும் அலகு உள்ளே மறைந்திருப்பதால் உடம்பில் படாது.

உப்புத் தண்ணீர் பட்டால் துருப்பிடிக்காத எஃகும் காலப்போக்கில் புள்ளி விழும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி வைக்க வேண்டும்.

போலீஸ் பிடிக்குமா?

ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016-ம் ஆண்டு விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் சேர்க்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்கான கத்திகளுக்கு விலக்கு உண்டு. 3 அங்குலக் கத்தி அந்த அளவுக்குள் வராது. அதற்காக யாரிடமாவது நீட்டி மிரட்டினால் கம்பி எண்ண வேண்டியதுதான்.

வாங்கியதும் ஒரு சோதனை செய்ய வேண்டும். படகில் உள்ள அதே கனத்தில் ஒரு முழம் கயிறு வாங்கி, தண்ணீரில் நனைத்து, இடது கையால் அறுத்துப் பார்க்க வேண்டும். இழுபறியாக இருந்தால் அந்தக் கத்தி காய்கறிக்குத்தான் லாயக்கு.

படகில் கயிறு இருந்தால் கத்தியும் இருக்க வேண்டும். தேவையில்லாத கயிற்றைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும்.

கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படைக்கு 1554 என்ற எண்ணிலும், கடலோரப் போலீசுக்கு 1093 என்ற எண்ணிலும் போன் செய்யலாம்.