நெய்யும் பால்தானே!

"சைவமா, அசைவமா?" என்று கேட்டு இலை போடுவது நம்மவர் வழக்கம். இந்த இரண்டிலும் அடங்காத மூன்றாவது வகையினர் இப்போது நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல; பால், தயிர், நெய், தேன் எதையும் தொடாதவர்கள் இவர்கள். 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய நண்பர்களும் இந்த வழக்கத்தினருக்கு 'வீகன்' என்று பெயர் வைத்தார்கள். தமிழில் 'நனிசைவம்' என்கிறோம்.

கோலார் மாவட்டத்தைப் பொன்னும் பட்டும் பாலும் விளையும் பூமி என்பார்கள். 2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டதோடு பொன் போயிற்று. பால் போகவில்லை. அந்தத் தங்கவயலில் போய் உட்கார்ந்து "பால் வேண்டாம்" என்றால் எப்படி இருக்கும்?

வெளிநாட்டில் படிக்கும் என் அண்ணன் மகள் பாட்டியைப் பார்க்க ஊருக்கு வந்திருந்தாள். "கன்றுக்கு உரியதை நான் குடிக்க மாட்டேன்" என்பது அவள் கொள்கை. "மோர் கூடக் குடிக்காத பிள்ளைக்கு நான் என்னத்தைப் போடுவேன்?" என்பது பாட்டியின் கவலை. குடும்பத்தோடு ராபர்ட்சன்பேட்டையில் ஓர் ஓட்டலுக்குப் போனோம். "பால் சேர்க்காமல் கொடுங்கள்" என்று அவள் தெளிவாகத்தான் சொன்னாள். வந்தது நெய் மினுங்கும் பொங்கல். "பால் ஊத்தலீங்களே, நெய்தானே?" என்றார் சப்ளையர். அவர் மீது குற்றமில்லை. நம் பேச்சில் பால் வேறு, நெய் வேறு. அவள் வெறும் சோற்றைப் பிசைந்து தின்றதைப் பார்த்துப் பாட்டிக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

அன்று முதல் நாங்கள் கடைப்பிடிக்கும் முறை எளியது. 'பால் வேண்டாம்' என்று பொதுவாகச் சொல்வதில்லை. பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், பன்னீர் என்று பெயர் பெயராகச் சொல்கிறோம். கர்நாடகத்தின் மற்ற ஊர்களில் ஹாலு, மொசரு, மஜ்ஜிகெ, பெண்ணெ, துப்ப என்று அடுக்கி, 'பேட' என்று முடித்தால் போதும். 'எண்ணெ ஹாக்கி' என்றும் சேர்த்துச் சொன்னால் தோசை எண்ணெயில் வந்துவிடும். கூட்டம் குறைந்த நேரத்தில் போனால் மாஸ்டரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

எதை நம்பலாம்? இட்லி, சாதா தோசை, இடியாப்பம், புட்டு, நீர் தோசை பொதுவாகத் தொல்லை தராதவை. பங்காருப்பேட்டையின் தண்ணீர் போலத் தெளிந்த பானிபூரியும் அப்படியே. தயிர் மட்டும் ஊற்றாதிருக்க வேண்டும். சாம்பார், ரசம், சட்னி மூன்றையும் விசாரித்தே வாங்க வேண்டும்; தாளிப்பில் நெய்யும் சட்னியில் தயிரும் சில இடங்களில் உண்டு. ரவா இட்லி, அவியல், கேசரி பாத், பிஸிபேளே பாத் ஆகியவற்றில் தயிரோ நெய்யோ பெரும்பாலும் இருக்கும். நான், குல்சா மாவிலும் குருமாவிலும் பிரியாணியிலும் பால் பொருள் ஒளிந்திருக்கலாம். இனிப்புக்குக் கடலை மிட்டாய், எள்ளுருண்டை இருக்கின்றன. குடிக்கக் கடுங்காப்பியோ சுக்குக் காப்பியோ கேட்கலாம்.

பொட்டலப் பண்டங்களில் பச்சைப் புள்ளியை மட்டும் நம்பக் கூடாது. பால் சேர்ந்த பண்டத்துக்கும் அதே புள்ளிதான். 2022-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி நனிசைவ உணவுக்குத் தனிச் சின்னம் உண்டு. 'வி' என்ற ஆங்கில எழுத்தைப் பச்சை நிறத்தில் பார்க்கலாம்.

பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது கொள்கையல்ல, உடல்நலம். நெய் ரோஸ்ட் வார்த்த கல்லிலேயே அடுத்த தோசையை ஊற்றினாலும் சிலருக்கு ஆபத்தாகலாம். ஆகவே அவர்கள் காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். நனிசைவத்தைக் கொள்கையாக ஏற்றவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பி12 சத்து காய்கறியில் கிடைக்காது. மருத்துவரைக் கேட்டு அதற்கு வழி செய்துகொள்வது நல்லது.

வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்த நம் முன்னோர் கேழ்வரகுக் களியை விட்டுவிடவில்லை. கன்னடத்தார் அதையே 'முத்தே' என்கிறார்கள். களியும் கீரைக் கடைசலும் கொள்ளு ரசமும் பாலின்றியே வயிற்றை நிறைத்தவை. மேலே நெய் ஊற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இன்றும் அது முழுமையான நனிசைவச் சாப்பாடுதான். பாட்டி அதைத் தம் கையால் கிண்டிக் கொடுத்தபோது பேத்தி இரண்டாம் உருண்டை கேட்டாள்.

பிள்ளைகளின் கொள்கை நமக்குப் புதிதாக இருக்கலாம். அதற்காக அவர்களைத் தனிப் பந்தியில் உட்கார வைக்க வேண்டியதில்லை. அவர்களும் பாட்டி சமையலைப் பழையது என்று ஒதுக்காமல், அதில் தமக்கு உரியது எது என்று கேட்டறிய வேண்டும். ஒரே பந்தியில் எல்லோரும் வயிறார உண்ண, இரண்டு பக்கமும் கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.