தாதியரின் முதுகுவலியும் பணிப்பிரிவு மாற்றமும்

சரவணையிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, வேலணையூடாகப் பண்ணைப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் பணிக்குச் செல்லும் தாதி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். தானாகப் புரள இயலாத, அறுபது கிலோ எடையுள்ள நோயாளி ஒருவரை அவர் நாளொன்றுக்குப் பலமுறை புரட்டவும் தூக்கி அமர்த்தவும் வேண்டியுள்ளது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட கணிப்பின்படி, நோயாளரைக் கையாளுகையில் ஒருவர் தூக்கத்தக்க சுமை சாதகமான நிலையிற்கூடச் சுமார் 16 கிலோ மாத்திரமே. குனிந்து, கைகளை நீட்டி, உடலைத் திருப்பியவாறு தூக்கும்போது இடுப்பு முள்ளந்தண்டின் கீழ்த் தட்டுகள் தாங்கும் அழுத்தம் பன்மடங்காகிறது. தட்டுப் பிதுங்கி நரம்பை அழுத்தினால் வலி காலுக்கும் பரவும்.

திடீரென ஏற்படும் முதுகுவலி பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். நெடுநாள் படுத்திருப்பதை இன்றைய மருத்துவம் ஊக்குவிப்பதில்லை. எனினும் இரு தொடைகளின் இடையே மரத்துப்போதலோ சிறுநீர் கழிப்பதில் தடையோ தோன்றினால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

வலி தணிந்தபின் பழைய விடுதிக்கே திரும்புவதா என்பதே பலரை வாட்டும் கேள்வியாகும். இங்கே பிரிவின் பெயரைக் கண்டு ஏமாறலாகாது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் மணிக்கணக்கில் அசையாது நிற்கவேண்டும்; தீவிர சிகிச்சைப் பிரிவிலோ நினைவற்ற நோயாளரைத் தவறாது புரட்டவேண்டும். குழந்தைகள் எடை குறைந்தவர்கள்தாம். ஆனால் தொட்டில்மேல் குனிவது நாள் முழுவதும் நீள்கிறது. சமூக சுகாதாரப் பணி இலகுவானதெனச் சொல்லப்படுவதுண்டு. தீவகத்தின் குண்டும் குழியுமான வீதிகளில் மோட்டார் சைக்கிளில் செல்பவரிடமும், குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் போய் வருபவரிடமும் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

நீரிழிவு, கண் முதலிய சிகிச்சை நிலையங்களும், தொற்றுக் கட்டுப்பாட்டுப் பணியும், தாதியர் பயிற்சிக் கல்லூரியில் கற்பித்தலும் ஒப்பீட்டளவில் உடற்சுமை குறைந்தவை. அங்கும் எழாமல் அமர்ந்திருப்பது முதுகுக்குக் கேடு. ஆகவே குனிவதா, தூக்குவதா, நிற்பதா, அமர்வதா தமக்கு வலி தருகிறது என்பதை இயன்மருத்துவருடன் ஆராய்ந்த பின்னரே பிரிவைத் தெரிவது தகும்.

இம்மாற்றத்தைத் தோல்வியாகக் கருதுவோர் நம்மிடையே உளர். கிரிமியப் போர்முனையிலிருந்து திரும்பிய புளோரன்ஸ் நைட்டிங்கேல், நோயாலும் கடும் முதுகுவலியாலும் பல ஆண்டுகள் படுக்கையிலிருந்தவாறே இராணுவ மருத்துவமனைகளின் சீர்திருத்தத்துக்காக எழுதினார். நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழலாம் என்பது இஸ்லாம் வழங்கும் சலுகை. அதனால் அத்தொழுகை தாழ்ந்துவிடுவதாக எந்த முஸ்லிமும் எண்ணுவதில்லை. நோயாளரைத் தூக்காத தாதி குறைந்த தாதி என்று எண்ணுவது மட்டும் எங்ஙனம் நியாயமாகும்?

உண்மைத் தடை வேறிடத்தில் இருக்கிறது. இரவுக் கடமையும் மேலதிக நேரமும் இல்லாத பிரிவுக்கு மாறினால் மாத வருமானம் குறைகிறது. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் உள்ளவர் வலியை மறைத்து விடுதியிலேயே தொடர்வது இதனாலேயே. மறைப்பதால் விபத்துப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை; பின்னர் இலகு பணி கோரும்போது காட்டுவதற்குச் சான்றும் இல்லை. காயம் பட்ட அன்றே பொறுப்புத் தாதிக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியொன்றைக் கையில் வைத்திருப்பது அவசியம்.

அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் தாதியர் சங்கம் 1998இல் நோயாளரைக் கையால் தூக்குவதைத் தவிர்க்கும் கொள்கையை முன்வைத்தது. தூக்கும் பொறிகளும் நோயாளரை நகர்த்த உதவும் வழுக்கு விரிப்புகளும் அதன் வழி வந்தன. பொறி விலை கூடியது என்பது மெய்தான். வழுக்கு விரிப்பு வெறும் துணிதானே! அதை வாங்குவதற்கும் பயன்படுத்தப் பழக்குவதற்கும் பெருநிதி எதுவும் வேண்டியதில்லை.