முயலுக்கு எந்தக் கலர் லைட்டு?

முயல் வேட்டைக்கு நெற்றி லைட்டில் எந்தக் கலர் கண்ணாடி மாட்டினால் நல்லது? சிவப்பா, பச்சையா, மஞ்சளா? ராத்திரியில் தைலமரக் காட்டுக்கும் முந்திரிக் காட்டுக்கும் கிளம்புகிற இளைஞர்கள் நடுவே இந்தக் கேள்வி அடிபடுகிறது. செல்போனில் தேடினால் விதவிதமான வீடியோக்கள் பதில் சொல்கின்றன. புதுக்கோட்டை மாவட்டத்தில் இருப்பவருக்கு இதற்கு ஒரே பதில்தான்: எந்தக் கலரும் வேண்டாம், அந்த வேட்டையே வேண்டாம்.

கலர் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கணக்கு பொய்யல்ல. முயலின் கண்ணுக்கு நீலமும் பச்சையும் நன்றாகத் தெரியும். சிவப்பு மங்கலாகத்தான் தெரியும். வெள்ளை வெளிச்சத்தைக் கண்டதும் ஓடப் பழகிவிட்ட முயல்கூட சிவப்பு வெளிச்சத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும் என்பதுதான் அந்தக் கணக்கு. ஆனால் இதைச் சொல்லித்தரும் வீடியோக்கள் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் எடுத்தவை. ஆஸ்திரேலியாவில் 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்ற நிலக்கிழார் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்ட முயல்கள் பெருகி, நாட்டையே மேய்ந்து தீர்த்தன. அங்கே அது ஒழிக்கவேண்டிய பிராணி. அங்குள்ள சட்டம் அந்த மண்ணுக்கானது.

நம் காட்டில் இருப்பது அந்த முயலே அல்ல. பிடரியில் கறுப்புப் பட்டை உள்ள இந்தியக் காட்டுமுயல் இது. வளை தோண்டாது. புல்லையும் புதரையும் அழுத்தி ஒரு சின்னக் குழிவு செய்துகொண்டு, காதை முதுகோடு ஒட்டிப் பகல் முழுக்க அதில் பதுங்கியிருக்கும். குட்டிகளையும் இப்படித் திறந்த வெளியில்தான் போடும். பிறக்கும்போதே அவற்றுக்கு முடி இருக்கும், கண் திறந்திருக்கும். நரிக்கும் கழுகுக்கும் கொம்பன் ஆந்தைக்கும் இதுதான் இரை.

இந்த முயலுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் காவல் உண்டு. லைசென்ஸ் வாங்கி வேட்டையாட அந்தச் சட்டம் முதலில் இடம் கொடுத்தது. அப்போதுகூட இரவு வேட்டைக்கும் விளக்கு வெளிச்சத்தில் வேட்டையாடுவதற்கும் தடைதான் இருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு லைசென்ஸ் முறையும் போயிற்று. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 1.4.2023 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி காட்டுமுயல் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. அதை வேட்டையாடினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயங்கள் உண்டு. முயல் சிக்கினால்தான் குற்றம் என்று நினைக்கிறார்கள். விரட்டுவதும், கண்ணி வைப்பதும், அதற்கு முயற்சி செய்வதும் சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். வெறுங்கையோடு திரும்பி வந்தாலும் தப்ப முடியாது. காப்புக்காட்டுக்குள் போனால்தான் வழக்கு, நம் பட்டா நிலத்தில் பிடித்தால் ஒன்றுமில்லை என்பதும் தவறு. வேட்டையாடிய விலங்கு அரசின் சொத்து. வேட்டைக்குப் பயன்பட்ட வண்டி, வலை, ஆயுதம் எல்லாவற்றையும் பறிமுதல் செய்யலாம். ஒரு கிலோ கறிக்காக, தவணை கட்டி முடியாத பைக் போய்விடும். கறியை வாங்கி வீட்டில் வைத்திருப்பவர் மீதும் வழக்கு வரும். என்னைக் கேட்டால், காசு கொடுத்து ஆள் அனுப்பிக் கறி வாங்குகிறவர்தான் முதல் குற்றவாளி.

கையில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி இருந்தால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் தனி வழக்கு. முயல் வழக்கைவிட அது பெரிது.

சட்டத்தை விடுங்கள், உயிரைப் பற்றிப் பேசுவோம். லைட்டு அடிக்கிறவருக்குத் தூரத்தில் தெரிவது முயல் அல்ல, மின்னும் இரண்டு புள்ளி. ஆட்டுக் கண்ணும் நாய்க் கண்ணும் மின்னும். சிவப்புக் கண்ணாடி போட்டால் நிறங்கள் எல்லாம் ஒன்றாகிவிடும். புதுக்கோட்டையின் செம்மண் தரையில் சுருண்டு கிடக்கும் விரியனைச் சிவப்பு வெளிச்சத்தில் கண்டுபிடிப்பது கடினம். சுற்றுச்சுவர் இல்லாத வயற்காட்டுக் கிணறும் அப்படித்தான். பன்றிக்காகத் திருட்டு மின்சாரத்தில் இழுத்துவிட்ட கம்பி எந்த வெளிச்சத்திலும் தெரியாது.

அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக் கிடை போடும் இடையர்களான கீதாரிகளையும் நினைத்துப் பாருங்கள். ஆடுகளோடு ஆடாக, கம்பளியைப் போர்த்திக்கொண்டு தரையில் படுத்திருப்பார்கள். துப்பாக்கியோடு வருகிறவனுக்கு அங்கே தெரிவது ஆட்டின் கண் மட்டும்தான். குறி தவறிய குண்டு என்ன செய்யும் என்று இந்த மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 டிசம்பர் கடைசியில், பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் தளத்திலிருந்து வந்த குண்டு நார்த்தாமலையில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாளில் அவன் இறந்துபோனான். பயிற்சி பெற்றவர்கள், பகல் வெளிச்சத்தில், அதற்கென்றே ஒதுக்கிய இடத்தில் சுட்டபோது நடந்தது இது.

ஆள் மாறுவதைப் போலவே விலங்கும் மாறும். விராலிமலைப் பக்கம் மரத்தில் அடையும் மயிலோ, ராத்திரியில் மட்டும் வெளியே வரும் அழுங்கோ அடிபட்டால் அது முதல் அட்டவணைக் குற்றம். குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அதைப் பணம் கட்டி முடித்துக்கொள்ளவும் முடியாது.

‘சிவராத்திரிக்குப் பாரிவேட்டை எங்கள் ஊர் வழக்கம்’ என்பார்கள். தென்மாவட்டக் கிராமங்களில் சாமி பெயரில் இப்படி வேட்டைக்குப் போவது பழைய வழக்கம்தான். சாமி கும்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் வழக்கம் என்று சொல்லி நீதிமன்றத்தில் விடுதலை வாங்க முடியாது.

கடலையையும் பயறையும் முளையிலேயே முயல் கடித்துவிடுகிறது என்ற விவசாயியின் வருத்தம் நியாயமானது. அவருக்கு வழி இருக்கிறது. போதிய உயரத்துக்குச் சின்னக் கண் உள்ள கம்பிவலையைக் கட்டி, அடிப்பக்கத்தை மண்ணில் புதைத்தால் முயல் நுழையாது. சேதம் மிஞ்சினால் வனச்சரக அலுவலகத்தில் எழுத்துமூலம் மனு கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பயிரை அழிக்கும் இரண்டாம் அட்டவணை விலங்கின் மீது நடவடிக்கை எடுக்க அனுமதி தரும் அதிகாரம் சட்டத்தின் 11ஆம் பிரிவில் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு உண்டு. நாமே முடிவெடுத்துக் கண்ணி வைக்க அதில் இடமில்லை. முயல்கறிதான் வேண்டும் என்றால் நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா போன்ற வளர்ப்பு முயல்களைப் பண்ணையில் வாங்கலாம். காட்டுமுயலுக்கான தடை அவற்றுக்கு இல்லை.

ஏற்கெனவே சிக்கியவர்களுக்கும் உரிமைகள் உண்டு. எதற்காகக் கைது என்று சொல்லவேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். எழுதியதைப் படித்துக் காட்டாமல் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். முயல் வழக்கை 54ஆம் பிரிவின்படி இணக்கக் கட்டணம் வாங்கி முடித்துவைக்க அதிகாரம் பெற்ற அலுவலரால் முடியும். அது அவர் முடிவு, உங்கள் உரிமை அல்ல. இந்தக் கட்டணத்தின் உச்சவரம்பு 25 ஆயிரமாக இருந்தது, இப்போது 5 லட்சம் ரூபாய். கட்டினால் ரசீது வாங்குங்கள். ரசீது தராமல் கேட்கும் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வேட்டையையே பிழைப்பாகக் கொண்டிருந்த நரிக்குறவர்களை இந்தச் சட்டம் கடுமையாகப் பாதித்தது. மாற்றுத் தொழிலுக்கு அவர்களுக்குக் கிடைத்த உதவி போதாது என்பதே என் கருத்து. 2023 ஜனவரி முதல் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். அதனால் வருமான வரம்பு பார்க்காமல் அவர்களுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம்.