ஏழு நாள் கெடு, பதினோரு நாள் அவகாசம்

ஒரு நாட்டுல உள்நாட்டுப் போர் நடக்குது. அங்க இருக்கிற வெளிநாட்டுத் தூதருக்கு என்ன வேலை இருக்கும்? விருந்துல கை குலுக்குறது, சொந்த அரசுக்கு லெட்டர் எழுதுறது, நிலைமை மோசமானா பெட்டியைக் கட்டுறது. நானும் அப்படித்தான் நினைச்சேன், லார்ட் லயன்ஸ் பற்றிப் படிக்கும்வரை.

1861. அமெரிக்கா ரெண்டாகப் பிளந்து கிடந்தது. அடிமை முறையை விடமாட்டோம் என்று தென் மாநிலங்கள் தனியாகப் பிரிய, லிங்கன் அரசு அவர்களோடு போரில் இருந்தது. பிரிட்டன் நடுநிலை அறிவித்திருந்தது. வாஷிங்டனில் பிரிட்டனின் தூதர் லயன்ஸ். கல்யாணம் ஆகாதவர், கூச்ச சுபாவம், அதிகம் பேசமாட்டார்.

நவம்பர் 8. தெற்கின் பிரதிநிதிகள் மேசன், ஸ்லைடல் ரெண்டு பேரும் ஐரோப்பாவின் ஆதரவு கேட்க, ஹவானாவிலிருந்து 'ட்ரெண்ட்' என்ற பிரிட்டிஷ் தபால் கப்பலில் முந்தின நாளே கிளம்பியிருந்தார்கள். அமெரிக்கப் போர்க்கப்பல் 'சான் ஜசின்டோ'வின் கேப்டன் வில்க்ஸ் நடுக்கடலில் அதை மறித்து, ரெண்டு பேரையும் பிடித்துக்கொண்டு போனார். வடக்கில் ஒரே கொண்டாட்டம். வில்க்ஸ் ஹீரோ ஆகிவிட்டார். லண்டனிலோ, நம்ம கொடி பறக்கிற கப்பல்ல கை வைக்கிறதா என்று கொதிப்பு. கனடாவுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பவும் ஏற்பாடு ஆனது.

இந்த நேரத்தில் லயன்ஸ் செய்தது என்ன தெரியுமா? வாயை மூடிக்கொண்டார். லண்டனிலிருந்து உத்தரவு வரும்வரை இதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. ஒரு வார்த்தை தவறினாலும் அடுத்த நாள் பேப்பரில் வந்து எரியிற நெருப்புல எண்ணெய் ஊத்தும்னு அவருக்குத் தெரியும்.

டிசம்பரில் உத்தரவு வந்தது. ரெண்டு பேரையும் விடுவிக்கணும், மன்னிப்புக் கேட்கணும். ஏழு நாளில் பதில் இல்லையென்றால் தூதரகத்தை மூடிவிட்டுக் கிளம்பணும். அதாவது, கிட்டத்தட்டப் போர்.

டிசம்பர் 19 அன்று லயன்ஸ், வெளியுறவுச் செயலர் சீவார்டைச் சந்தித்து விஷயத்தைச் சொன்னார். ஆனால் கடிதத்தை முறைப்படி கொடுக்கவில்லை. கொடுத்தால்தானே ஏழு நாள் கணக்கு ஆரம்பிக்கும்? கடிதத்தின் நகலை மட்டும் 'சும்மா பாருங்க' என்கிற மாதிரி படிக்கக் கொடுத்தார். சீவார்ட் ரெண்டு நாள் கேட்டார், கிடைத்தது. அப்புறம் திங்கள்கிழமை வரை கேட்டார், அதுவும் கிடைத்தது. 23-ஆம் தேதிதான் கடிதம் முறைப்படி கைமாறியது. கெடுவை மீறாமலே நாலு நாள் சம்பாதித்துக் கொடுத்துவிட்டார் மனுஷன்.

கிறிஸ்துமஸ் அன்று கூடிய லிங்கனின் அமைச்சரவை, அடுத்த நாள் விடுதலைக்குச் சம்மதித்தது. கப்பலை நீதிமன்ற விசாரணைக்குக் கொண்டுபோகாமல் ஆட்களை மட்டும் இறக்கியது முறையல்ல என்று சீவார்ட் பதில் எழுதினார். மன்னிப்புக் கேட்கவில்லை. பிரிட்டனும் அதோடு விட்டுவிட்டது. அந்தப் போர் நடக்கவே இல்லை. நடந்திருந்தால் லிங்கன் ஒரே நேரத்தில் ரெண்டு போரைச் சமாளித்திருக்கணும். தெற்கு தனி நாடாகவே ஆகியிருக்கலாம்.

நம்ம டிபார்ட்மென்ட் ஆட்களுக்கு இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கு. 1858-ல் போட்ட அட்லான்டிக் கடலடி டெலிகிராஃப் கேபிள் சில வாரத்திலேயே செத்துப்போச்சு. நிலையான இணைப்பு 1866-ல்தான் வந்தது. அதனால் 1861-ல் ஒரு செய்தி கப்பலேறிக் கடல் தாண்டவே பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அந்தத் தாமதத்தில் ரெண்டு பக்கமும் கோபம் கொஞ்சம் ஆறியது. நாலு வருஷமா தாமதத்தை எப்படிக் குறைக்கிறதுன்னுதான் படிச்சிட்டு இருக்கோம். லயன்ஸ் அதோடு கையால இன்னும் நாலு நாள் சேர்த்தார்.

பிரிட்டன் கேட்டதில் எதையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. எதிரில் இருந்தவர் மானம் போகாமல் இறங்கி வர, நேரம் மட்டும் கொடுத்தார். ஒரு தூதரோட வேலை இதுதான்னு இப்ப தோணுது.